யூரோ 2000: ஒரே ஓர் அணியைப் பின்தொடர்வது என்றால் எதை?

என் அக்கா மகனுக்கு 16 வயது. பள்ளி அணியில் ஸ்டாப்பர் பேக், அதாவது பின்வரிசையின் நடுவில் நின்று தடுக்கிற ஆள், ஆடுகிறான். விடுமுறையில் பழைய ஐரோப்பியக் கோப்பைத் தொடர் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை முழு ஆட்டங்களாகப் பார்க்கப் போகிறேன் என்றான். துண்டுத் துண்டு கோல் வீடியோக்கள் வேண்டாமாம், 90 நிமிடமும் வேண்டுமாம். எந்தத் தொடர் என்று கேட்டான், யோசிக்காமலே யூரோ 2000 என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் உண்மையான கேள்வி வந்தது. "31 ஆட்டமும் பார்க்க முடியாது மாமா, ஒரே ஓர் டீமை மட்டும் பின்தொடர்ந்து போறேன், எந்த டீம்னு சொல்லுங்க."

இரண்டு வாரம் யோசித்தேன். பழைய பதிவுகளை மறுபடி போட்டும் பார்த்தேன். அதன் பலன்தான் இது. அவனுக்காகத் தொடங்கியது, ஆனால் இதே எண்ணத்தில் இருக்கிற வேறு யாருக்கும் உதவும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

2000 ஜூன் 10 முதல் ஜூலை 2 வரை பெல்ஜியமும் நெதர்லாந்தும் சேர்ந்து நடத்திய தொடர் அது. இரண்டு நாடுகள் கூட்டாக நடத்திய முதல் யூரோவும் அதுதான். 16 அணிகள், 85 கோல்கள். அரையிறுதிக்கு வந்தவை பிரான்ஸ், போர்ச்சுகல், இத்தாலி, நெதர்லாந்து. இன்றைக்குக் கால்பந்து பார்க்கிற பையன்களுக்கு இந்த நான்கு அணிகளும் அந்நியமாக இருக்காது, ஏனென்றால் நான்கிலும் இன்றைய ஆட்டக்காரர் ஒருவரின் அப்பா ஆடியிருக்கிறார்: பிரான்ஸில் மார்கஸ் தூராமின் அப்பா லிலியன், போர்ச்சுகலில் ஃபிரான்சிஸ்கோ கொன்சைசாவின் அப்பா செர்ஜியோ, நெதர்லாந்தில் ஜஸ்டின் க்ளைவர்ட்டின் அப்பா பேட்ரிக், இத்தாலியில் டேனியல் மால்டினியின் அப்பா பாவ்லோ. இதைச் சொன்னதுமே பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

தேர்வு இந்த நான்குக்குள்தான். மற்ற அணிகளுக்குப் போனால் மூன்று நான்கு ஆட்டங்களில் பயணம் முடிந்துவிடும். ஜெர்மனி நடப்புச் சாம்பியனாக வந்து ஒரே ஒரு புள்ளியோடு குழுச்சுற்றிலேயே வெளியேறியது, 39 வயது மாத்தேயஸை வைத்துக்கொண்டு அவர்கள் பட்ட பாட்டைப் பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும். இங்கிலாந்து அந்த ஜெர்மனியை 1-0 என்று ஜெயித்தும் போர்ச்சுகலிடமும் ருமேனியாவிடமும் 3-2, 3-2 என்று தோற்று வீடு திரும்பியது.

விதிவிலக்கு ஒன்று சொல்லவேண்டுமென்றால் யூகோஸ்லாவியா. நான்கே ஆட்டம், அதில் மொத்தம் 21 கோல். ஸ்லோவேனியாவிடம் 0-3 என்று பின்தங்கி, மிஹைலோவிச் சிவப்பு அட்டை வாங்கி 10 பேரான பிறகு, ஆறே நிமிடத்தில் மூன்று கோல் போட்டுச் சமன் செய்தார்கள். அடுத்து நார்வேயை 1-0 என்று ஜெயித்தார்கள், அதிலும் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்த கெஸ்மன் ஒரு நிமிடம்கூட ஆகும் முன்பே சிவப்பு அட்டையோடு வெளியே போனார். ஸ்பெயினுக்கு எதிராக 90 நிமிடம் முடியும்போது 3-2 என்று முன்னிலையில் இருந்துவிட்டு, கூட்டிக் கொடுத்த நேரத்தில் இரண்டு கோல் வாங்கி 4-3 என்று தோற்றார்கள். கடைசியில் நெதர்லாந்திடம் 6-1. ஒரு வார இறுதி மட்டுமே கையில் இருக்கிறவர்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன். ஆனால் அணி என்று ஒன்று எப்படி இயங்குகிறது என்று பார்க்க விரும்புகிறவனுக்கு இது சரிப்படாது, கட்டுக்கோப்பே இல்லாத கூட்டம் அது.

நான்கையும் எதை வைத்து ஒப்பிடுவது? ஒரு விஷயத்தை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். நமக்கு முடிவுகள் தெரியும். பிரான்ஸ் ஜெயித்தது என்று கூகுளில் கேட்காமலே அவனுக்குத் தெரியும். அப்படியானால் கோல் விழுமா விழாதா என்கிற பரபரப்பில் பாதி போய்விட்டது. முடிவு தெரிந்த பிறகும் 90 நிமிடம் நம்மை நாற்காலியில் பிடித்து உட்கார வைக்கிற அணி எது என்பதுதான் கேள்வி. இப்படிக் கேட்டுக்கொண்ட பிறகு என் சொந்தப் பதிலே மாறியது. 2000-இல் பார்த்தபோது நான் போர்ச்சுகல் கட்சி. இப்போது அப்படி இல்லை.

பிரான்ஸிலிருந்து தொடங்குகிறேன், எல்லோரும் முதலில் சொல்கிற பெயர் அதுதானே. 1998 உலகக் கோப்பையைச் சொந்த மண்ணில் வென்ற கையோடு யூரோவையும் வென்றார்கள். உலகச் சாம்பியனாக இருக்கும்போதே யூரோவை வென்ற முதல் அணி. ஆறு ஆட்டம். பார்தெஸ், தூராம், தெஸாய், பிளாங்க், லிஸாராஸு, தெஷாம், வியேரா, மேலே ஜிடேன், முன்னால் 22 வயது ஹென்றி. ஜிடேன்தான் தொடரின் சிறந்த ஆட்டக்காரர், அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஸ்பெயினுக்கு எதிரான காலிறுதியில் அவர் அடித்த ஃப்ரீ கிக்கை மட்டும் தனியாக எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள், ஆனால் முழு ஆட்டத்தில் வைத்துப் பார்த்தால் அது வேறு மாதிரி. 32-ஆவது நிமிடம் வரை ஸ்பெயின் நன்றாகவே ஆடிக்கொண்டிருக்கிறது (நடுவில் கார்டியோலா நிற்கிறார், ஆமாம் பின்னாளில் பெரிய பயிற்சியாளரான அதே கார்டியோலா), இந்த ஒரு உதை வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போடுகிறது. அப்புறம் மென்டியேட்டா பெனால்டியில் சமன், ஜோர்காயெஃப் இடைவேளைக்குச் சற்று முன் 2-1. 90-ஆவது நிமிடத்தில் ஸ்பெயினுக்கு இன்னொரு பெனால்டி கிடைக்க, ரவுல் அதைக் கம்பத்துக்கு மேலே தூக்கி அடித்தார். பெனால்டியில் கெட்டிக்காரரான மென்டியேட்டா அதற்குள் வெளியே உட்கார்ந்திருந்தார்.

அரையிறுதியில் போர்ச்சுகலுக்கு எதிராக ஜிடேன் ஆடியதுதான் அவர் நாட்டுக்காக ஆடியதிலேயே மிகச் சிறந்தது என்பது என் கட்சி. பந்து வந்து காலில் விழுந்ததும் செத்த மாதிரி அப்படியே நிற்கும், சுற்றி மூன்று பேர் இருந்தாலும் அவசரமே படமாட்டார். அதற்காகவே அந்த ஒரு ஆட்டத்தைக் கட்டாயம் பார்க்கலாம்.

பிறகு ஏன் பிரான்ஸ் வேண்டாம் என்கிறேன்? முடிவு தெரிந்தால் பிரான்ஸின் பயணம் சற்று இளைத்துப் போகிறது. டென்மார்க்கை 3-0 என்று அடித்தது சுலபமான ஆட்டம். செக் குடியரசோடு ஆடிய 2-1 நல்ல ஆட்டம், ஆனால் இன்னொரு முறை பார்க்கத் தோன்றாது. நெதர்லாந்தோடு மோதியபோது இரண்டு அணிகளும் ஏற்கெனவே அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றுவிட்டன, பிரான்ஸ் முக்கியமான ஆட்களை உட்கார வைத்துவிட்டு ஆடி 3-2 என்று தோற்றது. ஆக மூன்று பெரிய ஆட்டங்கள்தான் மிஞ்சும், அதிலும் இறுதியாட்டத்தின் பெரும்பகுதியில் கதை பிரான்ஸுடையது இல்லை. எதிரணியின் கதையில் கடைசி நிமிடத்தில் பிரான்ஸ் நுழைகிறது, அவ்வளவுதான். பிரான்ஸ் ரசிகர்களுக்கு இது கோபம் வரவழைக்கும் என்று தெரியும், ஆனாலும் ஒருமுறை முழுசாகப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள்.

நெதர்லாந்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், அதன் பயணம் ஒரே கோடாக மேலே போய் ஒரே இடத்தில் சடாரென்று விழுகிறது. ஐந்து ஆட்டமும் சொந்த ஊரில், ஆம்ஸ்டர்டாமிலும் ராட்டர்டாமிலும். மைதானம் முழுக்க ஆரஞ்சு. செக் குடியரசை 89-ஆவது நிமிடப் பெனால்டியில் தட்டுத்தடுமாறி 1-0, டென்மார்க்கை 3-0, பிரான்ஸை 3-2, யூகோஸ்லாவியாவை 6-1. அந்த 6-1 ஆட்டத்தில் க்ளைவர்ட்டுக்கு முதலில் நான்கு கோல் என்று எழுதினார்கள், அவரே ஒன்று தன் காலில் படவில்லை என்று சொன்னதால் அது எதிரணி கோவெடாரிட்ஸாவின் சுய கோல் ஆனது, க்ளைவர்ட் கணக்கு மூன்றாகக் குறைந்தது. தொடர் முடிவில் அவரும் யூகோஸ்லாவியாவின் மிலோசெவிச்சும் தலா ஐந்து கோலோடு சமமாக முதலிடத்தில் நின்றார்கள். அந்த ஒரு கோலைத் தன் பெயரிலேயே விட்டிருந்தால் க்ளைவர்ட் தனியாக நின்றிருப்பார். எனக்கு அவரை அதனாலேயே இன்னும் பிடிக்கும்.

பெர்க்காம்ப், டேவிட்ஸ், கோக்கு, ஓவர்மார்ஸ், ஜென்டன் என்று கண்ணுக்கு விருந்துதான். இடது, வலது இரண்டு ஓரங்களிலும் ஆள் வைத்து மைதானத்தை எப்படி அகலமாக விரிப்பது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. அவன் ஓரத்தில் ஓடி ஆடுகிற விங்கராக இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நெதர்லாந்து என்று சொல்லியிருப்பேன். அரையிறுதியில் என்ன ஆனது என்பதை இத்தாலிக்கு வரும்போது சொல்கிறேன்.

போர்ச்சுகல். இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது, ஏனென்றால் அந்த ஜூன் மாதத்தில் நான் தூக்கத்தைத் தொலைத்தது இவர்களுக்காகத்தான். சில ஆட்டங்கள் நமக்கு நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கும், வீட்டில் எல்லோரும் தூங்கியபிறகு டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்துப் பார்த்தேன். 1989, 1991 இரண்டு உலக இளையோர் கோப்பைகளையும் வென்ற தலைமுறை வளர்ந்து ஆளாகி வந்த அணி இது. ஃபிகோ, ரூயி கோஸ்டா, ஜோவோ பின்டோ.

முதல் ஆட்டம் ஐந்தோவனில் இங்கிலாந்தோடு. மூன்றாவது நிமிடத்தில் ஸ்கோல்ஸ், 18-ஆவது நிமிடத்தில் மெக்மனமன், இங்கிலாந்து 2-0. முடிந்தது என்றுதான் நினைத்தேன். நான்கு நிமிடம் கழித்து ஃபிகோ தன் பாதியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு வருகிறார். யாரும் கிட்டே வரவில்லை. வருகிறார், வருகிறார், எதிரே டோனி ஆடம்ஸ் நிற்கிறார், பெட்டிக்கு நல்ல தூரம் வெளியே இருந்தே ஓர் உதை. ஆடம்ஸின் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து மேல் மூலையில் ஏறியது. கோல்கீப்பர் சீமன் பாவம். கொண்டாடக்கூட நிற்காமல் ஃபிகோ வலைக்குள் கிடந்த பந்தை எடுக்க ஓடினார் என்பதுதான் எனக்கு மறக்காத காட்சி. அடுத்து ரூயி கோஸ்டா தூக்கிக் கொடுத்ததை ஜோவோ பின்டோ பாய்ந்து தலையால் முட்டி 2-2, பிறகு மறுபடி ரூயி கோஸ்டா பாஸில் நூனோ கோமெஸ் 3-2. தனி ஆட்டம் என்று எடுத்தால் குழுச்சுற்றில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ருமேனியாவுக்கு எதிராகக் கூட்டிக் கொடுத்த நேரத்தில் கோஸ்டினியா தலையால் முட்டிய 1-0 வரை அந்த ஆட்டத்தில் பெரிதாக ஒன்றுமில்லை, வேகமாக ஓட்டியே பார்க்கலாம். ஜெர்மனிக்கு எதிராக முதன்மை ஆட்களையெல்லாம் ஓய்வில் வைத்துவிட்டு இறக்கிய அணியே 3-0 என்று ஜெயித்தது, மூன்றும் செர்ஜியோ கொன்சைசாவ். அதற்குப் பிறகு போர்ச்சுகல் ஜெர்மனியை மறுபடி ஜெயிக்க 25 ஆண்டு ஆனது, 2025 ஜூனில் மியூனிக்கில், அந்த ஆட்டத்தில் சமன் செய்த கோலை அடித்தது செர்ஜியோவின் மகன் ஃபிரான்சிஸ்கோ. இதைக் கேட்டதும் பையன் அந்த 3-0 ஆட்டத்தை அன்றைக்கே பார்த்துவிட்டான்.

காலிறுதியில் துருக்கி 2-0, நூனோ கோமெஸ் இரண்டு. அரையிறுதியில் பிரான்ஸிடம் கூடுதல் நேரத்தில், 117-ஆவது நிமிடத்தில், வில்டோர் அடித்த பந்து ஆபெல் சேவியரின் கையில் பட்டது. லைன்ஸ்மேன் கொடுத்த சைகையில் பெனால்டி. அப்போது தங்க கோல் விதி இருந்தது, கூடுதல் நேரத்தில் யார் முதலில் கோல் போட்டாலும் ஆட்டம் அந்த நொடியே முடிந்துவிடும். ஜிடேன் போட்டார், முடிந்தது. போர்ச்சுகல் ஆட்டக்காரர்கள் நடுவரையும் லைன்ஸ்மேனையும் சூழ்ந்துகொண்டு நடந்துகொண்ட விதத்துக்காக ஆபெல் சேவியர், நூனோ கோமெஸ், பாவ்லோ பென்டோ மூன்று பேருக்கும் பல மாதத் தடை விழுந்தது. கையில் பட்டது உண்மைதான். ரீப்ளேயில் தெளிவாகத் தெரிகிறது. அன்றைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

போர்ச்சுகல் ஐந்து ஆட்டத்தில் இரண்டு மகத்தானவை, ஒன்று சுவாரசியமானது, இரண்டு சுமார். கால்பந்தே புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு, காதலில் விழ வேண்டும் என்று வருகிறவர்களுக்கு, போர்ச்சுகல்தான் சரியான அணி. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. ஆனால் என் அக்கா மகன் ஏற்கெனவே விழுந்தவன். அவனுக்கு வேண்டியது வேறு.

இத்தாலி என்று சொன்னபோது அவன் முகம் சுருங்கியது. "தடுத்துத் தடுத்தே ஆடுவாங்களே மாமா." ஆமாம், தடுப்பார்கள். அதற்காகத்தான் சொல்கிறேன்.

மேலே சொன்னேனே, முடிவு தெரிந்துவிட்டால் கோலின் பரபரப்பு குறைந்துவிடும் என்று. தடுப்பின் பரபரப்பு குறைவதில்லை. பந்து உள்ளே போகப் போவதில்லை என்று தெரிந்திருந்தும், அது எப்படிப் போகாமல் இருக்கப் போகிறது என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் கடைசி நொடியில் காலை நீட்டுகிறார், யார், எங்கிருந்து வந்தார், அவருக்கு எப்படித் தெரிந்தது? அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் இன்னும் தெரிகிறது. இந்தத் தடவை மறுபடி பார்த்தபோது நான்கு அணிகளில் என்னைச் சலிப்பில்லாமல் உட்கார வைத்தது இத்தாலிதான்.

தொடங்கும் முன்பே அடி. சில நாள் முன்பு நார்வேயோடு நடந்த நட்பு ஆட்டத்தில் கோல்கீப்பர் புஃபோனுக்குக் கை எலும்பு முறிந்தது. ஃபியோரென்டினாவின் ஃபிரான்செஸ்கோ டோல்டோ உள்ளே வந்தார். பயிற்சியாளர் டினோ ஸோஃப், அவரே 1982 உலகக் கோப்பையைத் தூக்கிய கோல்கீப்பர் கேப்டன். பின்னால் கன்னவாரோ, நெஸ்டா, இயூலியானோ மூன்று பேர், இடது ஓரத்தில் மால்டினி, வலதில் ஜாம்ப்ரோட்டா, நடுவில் அல்பர்டினியும் டி பியாஜியோவும், மேலே டோட்டி அல்லது டெல் பியரோ, முன்னால் இன்ஸாகி. உடம்போடு ஒட்டிப் பிடிக்கிற நீலச் சட்டை, எதிராளி இழுத்தால் நடுவருக்கு உடனே தெரியவேண்டும் என்று அப்படித் தைத்தார்களாம். வீடியோவில் பார்க்கும்போது நீங்களே கவனிப்பீர்கள், சட்டையைப் பிடித்து இழுத்தால் கூடாரம் மாதிரி விரியும்.

துருக்கி 2-1, இதில் கோன்டே தலைகீழாகப் பாய்ந்து அடித்த கோல் ஒன்று உண்டு, இன்றைக்குக் கோட்டருகே நின்று கத்துகிற பயிற்சியாளராக மட்டுமே அவரைத் தெரிந்தவர்கள் ஆச்சரியப்படுவார்கள். பெல்ஜியத்தை அவர்கள் தலைநகரிலேயே 2-0. ஸ்வீடன் 2-1, ஸோஃப் ஆட்களை மாற்றி ஆடிய ஆட்டம், இதை விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை, கடைசியில் டெல் பியரோ இடது காலால் அடித்ததை மட்டும் பார்த்தால் போதும். காலிறுதியில் ருமேனியா 2-0. அது மாபெரும் ஹாஜியின் கடைசிச் சர்வதேச ஆட்டம், இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி நடந்து வெளியே போனார், அதற்கு முன் அவர் போட்ட டேக்கிளில் கோன்டேயின் தொடரும் முடிந்துபோனது. அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் அப்படி முடித்தது எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

இப்போது ஜூன் 29, ஆம்ஸ்டர்டாம், அரையிறுதி. நெதர்லாந்துக்கு எதிராக.

ஆரம்பத்திலேயே பெர்க்காம்ப் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஜென்டன் இடது ஓரத்தில் ஜாம்ப்ரோட்டாவைப் போட்டு வாட்டுகிறார், 34-ஆவது நிமிடத்தில் ஜாம்ப்ரோட்டாவுக்கு இரண்டாவது மஞ்சள், வெளியே. இன்னும் 86 நிமிடம், கூடுதல் நேரத்தையும் சேர்த்து, 10 பேரோடு ஆடியாக வேண்டும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. சில நிமிடத்திலேயே நெஸ்டா க்ளைவர்ட்டைப் பிடித்து இழுத்ததற்குப் பெனால்டி. கேப்டன் ஃபிராங்க் டி போயர் வருகிறார், டோல்டோ பாய்ந்து தடுக்கிறார். இரண்டாம் பாதியில் டேவிட்ஸ் உள்ளே புகுந்தபோது இயூலியானோ தள்ளிவிட, இன்னொரு பெனால்டி. இம்முறை க்ளைவர்ட். கம்பம்.

இதற்கு நடுவே நடப்பதைத்தான் ஒரு ஸ்டாப்பர் பேக் பார்க்கவேண்டும். பந்து எங்கே இருக்கிறது என்று பார்க்காதே, கன்னவாரோவை மட்டும் பார் என்று அவனிடம் சொன்னேன். ஐந்தே முக்கால் அடி உயரம்தான், எதிரே அவரைவிட அரை அடி அளவுக்கு உயர்ந்த க்ளைவர்ட். பந்து ஓரத்தில் இருக்கும்போதே கன்னவாரோ இரண்டு முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துவிடுகிறார், பிறகு க்ளைவர்ட் குதிக்கத் தயாராகும் முன்பே தான் குதித்துவிடுகிறார். உயரத்தை நேரத்தால் ஈடுகட்டுகிறார். பக்கத்தில் நெஸ்டா தரையில் விழவே மாட்டார், நின்றுகொண்டே, பந்தைக் கடைசி நொடிவரை எதிராளியிடம் விட்டுவைத்து, காலை மட்டும் நீட்டி எடுப்பார். ஒருவர் முந்திப் போகிறவர், ஒருவர் காத்திருக்கிறவர். இந்த இரண்டு பேரும் எப்படிப் பேசிக்கொள்ளாமலே பங்கு பிரித்துக்கொள்கிறார்கள் என்பதை எந்தக் கோச்சும் பலகையில் வரைந்து காட்ட முடியாது. மால்டினி இடது ஓரத்தில் அப்போதே 32 வயது, ஓடி ஓடிக் களைத்துப்போய் இடுப்பில் கைவைத்து நிற்பதும் தெரியும், பந்து வந்தால் அடுத்த நொடி ஓடுவதும் தெரியும்.

0-0. பெனால்டி ஷூட் அவுட். இரண்டு ஆண்டுக்கு முன் உலகக் கோப்பையில் பிரான்ஸுக்கு எதிராகக் கடைசிப் பெனால்டியைக் கம்பத்தில் அடித்து இத்தாலியை வெளியேற்றிய டி பியாஜியோ முதல் ஆளாக நடந்து வந்தார். அடித்தார். டி போயர் மறுபடி வந்தார், டோல்டோ மறுபடி தடுத்தார். பெஸ்ஸோட்டோ போட்டார், ஸ்டாம் வானத்துக்கு அடித்தார். அடுத்து டோட்டி, 23 வயது, எதிரே கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரக் கோல்கீப்பர் வான் டெர் சார், மைதானம் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஊளையிடுகிறது. அவர் பந்தைக் கரண்டியால் மொண்டு வைக்கிற மாதிரி மெல்லத் தூக்கி நடுவில் போட்டார். க்ளைவர்ட் இம்முறை போட்டார், மால்டினி கோட்டைவிட்டார், கடைசியில் போஸ்வெல்ட்டையும் டோல்டோ தடுத்தார். 3-1. ஒரே ஆட்டத்தில் நெதர்லாந்து அடித்த ஆறு பெனால்டியில் ஐந்து வீண், அதில் மூன்றை நிறுத்தியது தொடருக்குச் சில நாள் முன்புவரை இரண்டாம் கோல்கீப்பராக இருந்தவர். 1992, 1996, 1998-க்குப் பிறகு நெதர்லாந்து ஷூட் அவுட்டில் தோற்ற நான்காவது பெரிய தொடர் இது. அன்றைக்கே நெதர்லாந்துப் பயிற்சியாளர் ரைக்கார்ட் பதவியை விட்டு விலகினார்.

ராட்டர்டாமில் இறுதியாட்டம், பிரான்ஸோடு. இரண்டு பக்கமும் ஒரே இத்தாலிய லீகில் ஆடுகிறவர்கள் இருந்தார்கள் என்பதை மனதில் வைத்துப் பாருங்கள்: ஜிடேன் அப்போது யுவென்டஸ், எதிரே டெல் பியரோ, இயூலியானோ, பெஸ்ஸோட்டோ எல்லாம் அதே யுவென்டஸ். தூராமும் கன்னவாரோவும் பார்மா அணியின் பின்வரிசையில் வாராவாரம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறவர்கள். 55-ஆவது நிமிடத்தில் டோட்டி குதிகாலால் தட்டிவிட, பெஸ்ஸோட்டோ குறுக்கே கொடுக்க, டெல்வெக்கியோ கோல். அதற்குப் பிறகு டெல் பியரோவுக்கு இரண்டு தெளிவான வாய்ப்பு, இரண்டும் போயிற்று. 90 நிமிடம் கடந்தது. அதுவரை அந்தத் தொடர் முழுக்க இத்தாலி வாங்கியது இரண்டே கோல், நாக் அவுட் சுற்றில் 300 நிமிடத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. கூட்டிய நேரத்தின் கடைசி நிமிடத்தில் பார்தெஸ் நீளமாக அடிக்க, ட்ரெஸெகே தலையில் பட்டு, வில்டோர் இடது பக்கமிருந்து குறுக்காக அடித்தது டோல்டோவின் கையைத் தாண்டி உள்ளே போனது. 103-ஆவது நிமிடத்தில் பிரெஸ் ஓரத்தில் புகுந்து பின்னால் கொடுத்ததை ட்ரெஸெகே இடது காலால் மேலே அடித்தார், தங்க கோல். வில்டோர், ட்ரெஸெகே, பிரெஸ் மூன்று பேருமே பிரான்ஸ் பயிற்சியாளர் லெமெர் உள்ளே அனுப்பிய மாற்று ஆட்டக்காரர்கள். ட்ரெஸெகே அந்தக் கோடையிலேயே யுவென்டஸுக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஜிடேனைக் கூடவே ஒருவரை ஒட்டவைத்துக் கட்டுப்படுத்தவில்லை என்று இத்தாலிய அரசியல்வாதியும் ஏசி மிலான் உரிமையாளருமான பெர்லுஸ்கோனி வெளிப்படையாகக் குறை சொல்ல, இரண்டு நாளில் ஸோஃப் பதவி விலகினார். அந்தக் குறை நியாயமா என்று இறுதியாட்டத்தைப் பார்த்து அவனே முடிவு செய்யட்டும். என் கண்ணுக்கு நியாயமில்லை, இரண்டு கோலிலுமே ஜிடேனுக்குப் பங்கில்லை.

ஆகவே விங்கருக்கு நெதர்லாந்து, புதிதாக வருகிறவர்களுக்குப் போர்ச்சுகல், ஜிடேனுக்காக மட்டும் வருகிறவர்களுக்குப் பிரான்ஸின் காலிறுதியும் அரையிறுதியும். முழுப் பயணம் என்றால், அதுவும் பின்வரிசையில் நிற்கிற பையனுக்கு என்றால், இத்தாலி. முதலில் பெல்ஜியம் ஆட்டம், அடுத்து ருமேனியா, துருக்கியை நேரமிருந்தால் பார். அரையிறுதியை நடுவில் நிறுத்தாமல் 120 நிமிடமும் ஒரே மூச்சில் உட்கார்ந்து பார், கூட்டிக் கொடுத்த நிமிடங்களில்கூடப் போனை எடுக்காதே. இறுதியாட்டத்தில் 90 நிமிடம் தாண்டியதும் மைதானத்தை விட்டுவிட்டுக் கோட்டருகே பார் என்று சொல்லியிருக்கிறேன். இத்தாலியின் மாற்று ஆட்டக்காரர்கள் தோளோடு தோள் கைகோத்து வரிசையாக நிற்பார்கள், விசில் ஊதியதும் உள்ளே ஓடுவதற்கு.